வேப்பிலை கட்டுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்

எங்கள் பக்கத்தில், திருவிழாவுக்குக் காப்புக் கட்டாத நாட்களில் ஒரு வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால் அதற்கு ஒரே பொருள்தான் உண்டு. அந்த வீட்டில் யாருக்கோ அம்மை கண்டிருக்கிறது. வெளியாள் உள்ளே போகமாட்டார். வீட்டுக்காரரும் பிறர் வாசலை மிதிக்கமாட்டார். கொடுத்த கடனைக் கேட்க வந்தவர்கூட வேப்பிலையைப் பார்த்ததும் திரும்பிவிடுவார். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ இருக்கும் பெரிய வீட்டு முகப்பானாலும், கண்மாய்க்கரைக் குடிசையானாலும் இந்தக் கட்டுப்பாடு ஒன்றுதான். முப்பத்தைந்து ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து 2024இல் ஓய்வுபெற்ற எனக்கு, அந்தக் கொத்தைக் கண்டால் இன்றும் கால் நின்றுவிடுகிறது. என்ன அம்மை என்று விசாரிக்காமல் நகர முடிவதில்லை.

சென்ற மாதம் தேவகோட்டைக்குப் போகும் வழியில் ஓர் ஊரில் அப்படி நின்று விசாரித்தேன். பள்ளிக்கூடம் போகும் பையனுக்குச் சின்னம்மை என்றார்கள். உடலெங்கும் கொப்புளம், நான்காவது நாள், சோறு இறங்குகிறது, பயமில்லை. கேட்டதும் மனம் சற்று ஆறியது. நான் தேடி விசாரிப்பது வேறோர் அம்மையை. மருத்துவர்கள் தட்டம்மை என்றும், எங்கள் ஊர்க் கிழவிகள் மணல்வாரி என்றும் சொல்லும் அம்மை அது. உடம்பில் மணலை வாரி இறைத்தாற்போல் பொரிப்பொரியாகச் சிவந்து கிடக்கும் என்பதால் அந்தப் பெயர். பெரியம்மையைப் போல முகத்தில் குழி விழுவதில்லை, பத்து நாளில் இறங்கிவிடுகிறது என்பதால், அதைச் சாதுவான அம்மை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை என் வீட்டிலிருந்தே சொல்ல முடியும்.

1958ஆம் ஆண்டு, பங்குனி கடைசி. என் அப்பத்தா அப்போது ஒரு செட்டியார் வீட்டில் வளவு கூட்டி, இரண்டாம் கட்டில் நெல் அவித்துக் காயவைக்கும் வேலையில் இருந்தார். அப்பாவுக்கு வயது பதினெட்டு. அவருக்கு அடுத்துப் பிறந்தவர்களில் தங்கியவர்கள் இருவர்: ஏழு வயது அத்தை, இரண்டு வயது நிறையாத சின்ன அத்தை. முதலில் அத்தைக்குக் காய்ச்சலும் இருமலும் வந்து, கண் சிவந்து நீர் வடிந்தது. வெயில் காலத்துச் சளி என்று எண்ணி, அவளை வழக்கம்போல மற்றப் பிள்ளைகளோடு விளையாட விட்டிருக்கிறார்கள். நான்காம் நாள் காதோரத்திலும் நெற்றி மயிர் ஓரத்திலும் தடிப்புத் தோன்றி முகத்துக்கும் மார்புக்கும் இறங்கியது. அன்றுதான் அப்பத்தா நிலையில் வேப்பிலை செருகினார். அதற்குள் தெருவில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு உள்ளே விதை விழுந்துவிட்டது. சின்ன அத்தைக்கும்தான்.

அப்பத்தா செய்யவேண்டிய முறைகளில் ஒன்றையும் விடவில்லை. அடுப்பில் தாளிப்பு நின்றது. கவிச்சி நின்றது. பிள்ளைகளை இருட்டு மூலையில் வேப்பிலைப் படுக்கையில் கிடத்தி, இளநீரும் பனங்கற்கண்டுத் தண்ணீரும் நீர்க்கஞ்சியும் கொடுத்தார். அப்பாவுக்குச் சிறு வயதிலேயே மணல்வாரி வந்து போயிருந்ததால் அவர்தான் இருவருக்கும் விசிறியும் தூக்கியும் காவல் இருந்தார். தடிப்பு இறங்கிக் கருத்து, தோல் தவிடுபோல் உதிர்ந்ததும், வெயிலில் வைத்த வேப்பிலை மஞ்சள் தண்ணீரைத் தலைக்கு ஊற்றினார்கள். அம்மா இறங்கிவிட்டாள் என்று வீடு மூச்சுவிட்டது. மூன்றாம் தண்ணீர் ஊற்றிய இரண்டாம் நாள் சின்ன அத்தைக்கு நெஞ்சு இழுக்கத் தொடங்கியது. விலா உள்வாங்கியது. அம்மை கண்ட உடம்பை வைத்தியரிடம் காட்டினால் அம்மாவுக்கு ஆகாது என்று ஒரு பகலும் ஓர் இரவும் பார்த்தார்கள். விடியும்போது குழந்தை இல்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து, அப்பத்தா அதை ஒரே வாக்கியத்தில்தான் சொல்வார்: "வந்தவ, கையோட கூட்டிக்கிட்டுப் போயிட்டா."

அத்தை பிழைத்தார். ஆனால் வலது கண்ணின் கருவிழியில் வெள்ளை படர்ந்து அந்தப் பார்வை போய்விட்டது. நாட்டரசன்கோட்டைக் கண்ணாத்தாளுக்கு வெள்ளிக் கண்மலர் நேர்ந்து, அப்பாவும் அப்பத்தாவும் அவரை நடத்தியே கூட்டிப்போய்ச் சாத்திவிட்டு வந்தார்கள். போன கண் போனதுதான்.

செவிலியர் பயிற்சிக்குப் போனபோது, என் வீட்டில் நடந்தவை அனைத்தும் பாடப்புத்தகத்தில் வரிசையாக எழுதியிருப்பதைப் பார்த்தேன். தட்டம்மைக் கிருமி நுரையீரலின் உட்சவ்வைப் புண்ணாக்குகிறது. அந்தப் புண்ணில் வேறு கிருமிகள் ஏறி நிமோனியா ஆகிறது. தட்டம்மையில் சாகும் குழந்தைகளில் பெரும்பாலோர் இப்படித்தான் சாகிறார்கள். காதில் சீழ் பிடிக்கிறது, வயிற்றுப்போக்கு வருகிறது, ஆயிரத்தில் ஒருவருக்கு மூளை வீங்குகிறது. உடலில் இருக்கும் கொஞ்சநஞ்ச வைட்டமின் ஏயையும் இந்த நோய் கரைத்துவிடுவதால், முன்பே ஊட்டம் குறைந்திருக்கும் பிள்ளைகளின் கருவிழி உலர்ந்து அழுகிப்போகிறது. அத்தையின் கண்ணுக்கு நேர்ந்தது இதுதான். இன்று தட்டம்மை என்று தெரிந்தால், ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு அன்றும் மறுநாளும் இரண்டு லட்சம் யூனிட் வைட்டமின் ஏ கொடுக்கிறோம். எங்கள் புட்டியில் அது 2 மில்லி. ஒரு சிறு கரண்டி அளவு மஞ்சள் திரவம். ஒரு கண்ணை அந்தக் கரண்டி காப்பாற்றும் என்று அறிந்த நாளில் நான் விடுதியில் அழுதேன்.

அப்பத்தாவின் முறைகளைப் பழிக்க எனக்கு மனம் இல்லை. ஓய்வு, நீராகாரம், ஆள் அண்டாமல் வைத்தல் ஆகிய மூன்றும் நல்லவையே. பட்டினியை ஒத்த பத்தியமும், மருத்துவரிடம் காட்டக்கூடாது என்ற அச்சமும் கெடுதல் செய்தன. இதை நான் வீடுவீடாகச் சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன். ஆயினும் எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்த கேள்வி வேறு. எங்கள் ஊர்கள் அந்த வேப்பிலைக் கட்டுப்பாட்டை அத்தனை ஒழுங்காகக் கடைப்பிடித்தும், மணல்வாரி ஏன் நிற்காமல் தெருத்தெருவாகப் போனது?

விடை நாட்கணக்கில் இருக்கிறது. கிருமி உள்ளே புகுந்து பத்துப் பன்னிரண்டு நாள் அமைதியாக இருக்கும். பிறகு காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவத்தல். அதற்கும் பிறகுதான் தடிப்பு. ஆனால் குழந்தை பிறருக்கு நோயைக் கொடுக்கத் தொடங்குவது, தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பே. அந்த நான்கு நாளும் அது எல்லார் கண்ணுக்கும் வெறும் சளிப்பிள்ளை. இருமும்போது தெறிக்கும் கிருமி, அந்தப் பிள்ளை எழுந்துபோன பிறகும் மூடிய அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை உயிரோடு இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் அந்தக் காற்றைச் சுவாசித்தால் ஒன்பது பேருக்கு நோய் வரும். ஒருவரிடமிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்குப் பரவக்கூடிய நோய் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மனிதருக்கு வரும் தொற்றுகளில் இதற்கு இணையாகப் பரவுவது மிகக் குறைவு. தடிப்பைப் பார்த்து அப்பத்தா வேப்பிலை ஒடிக்கப் போன நேரத்தில், காரியம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. எந்தக் கிழவியாலும் அதை முந்தியிருக்க முடியாது.

பெரியம்மையோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். பெரியம்மை பெரும்பாலும் புண் தோன்றிய பிறகுதான் பிறருக்குத் தொற்றும். கண்ணுக்குத் தெரிந்த பிறகு பரவும் நோய் அது. அதனால்தான் 1970களில், நோயாளி இருக்கும் வீட்டைக் கண்டுபிடித்து, சுற்றியிருப்பவர்களுக்கெல்லாம் அம்மை குத்தி வளையம் கட்டும் முறை வெற்றி பெற்றது. தகவல் தருபவருக்கு ஆயிரம் ரூபாய் பரிசு என்று அறிவிக்கும் அளவுக்குத் தேடினார்கள். 1975 மே மாதம் அசாமின் கரீம்கஞ்சில் கண்டறியப்பட்டதே இந்தியாவின் கடைசிப் பெரியம்மை. 1980இல் உலகத்தைவிட்டே அது போய்விட்டதாக அறிவித்தார்கள். தட்டம்மையை அப்படி வளையம் கட்டிப் பிடிக்க இயலாது. நோயாளி யார் என்று தெரியும் முன்பே அது அடுத்த வளையத்துக்குத் தாவியிருக்கும். ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் முன்கூட்டியே காப்புப் பெற்றிருந்தால்தான் அது வந்த இடத்தில் அணையும். ஒரு வீட்டின் எச்சரிக்கையால் ஆகாத காரியம் இது. ஒரு நாடு முழுவதும் ஆண்டு தவறாமல் செய்துகொண்டே இருக்கவேண்டிய வேலை. தேசியத் தடுப்பூசித் திட்டம் எதற்காக என்று கேட்பவர்களுக்கு, தட்டம்மையைப் பொறுத்தவரை நான் சொல்லும் பதில் இந்த நான்கு நாள் கணக்குதான்.

ஒரு முறை வந்தவருக்கு மறுமுறை வராது என்பதை அப்பத்தா அறிந்திருந்தார். அறிவுலகம் அதை 1846இல் ஃபேரோ தீவுகளில் கணக்கெடுத்து அறிந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் பானும் என்ற இளம் மருத்துவர் அங்கே போனபோது, ஏறக்குறைய 7,800 பேர் வாழ்ந்த அந்தத் தீவுகளில் 6,000 பேருக்கு மேல் தட்டம்மையில் விழுந்திருந்தார்கள். ஆனால் 1781இல் அங்கே முன்பு வந்துபோன தட்டம்மையைச் சிறுவயதில் கண்டிருந்த முதியவர்கள் ஒருவருக்கும் வரவில்லை. அறுபத்தைந்து ஆண்டுக்குப் பிறகும் உடல் நினைவு வைத்திருந்தது. அந்த நினைவை நோய் இல்லாமலேயே உண்டாக்கும் வழி 1954இல் பாஸ்டனில் தொடங்கியது. ஜான் எண்டர்ஸும் தாமஸ் பீபிள்ஸும், எட்மன்ஸ்டன் என்ற மாணவனின் ரத்தத்திலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். அதைப் பலவீனப்படுத்திச் செய்த தடுப்பூசிக்கு 1963இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. புனேயில் தயாராகி எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த மருந்துப் புட்டியிலும் எட்மன்ஸ்டன் ஜாக்ரெப் என்றே வகையின் பெயர் அச்சிட்டிருக்கும். அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம், சின்ன அத்தை இறந்தபோது இந்தக் கிருமி ஏற்கெனவே ஒரு கண்ணாடிப் புட்டிக்குள் அடைபட்டிருந்தது என்ற நினைப்பு வரும்.

அந்தப் புட்டி அங்கிருந்து எங்கள் ஊருக்கு வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. 1978இல் இந்தியா விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியபோது அதில் தட்டம்மை இல்லை. 1985இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமாக அது மாறியபோதுதான் தட்டம்மை சேர்ந்தது. அதுவும் சில மாவட்டங்களில் தொடங்கி, ஐந்தாண்டு அளவில்தான் நாடு முழுவதையும் எட்டியது. நான் 1989இல் பணியில் சேர்ந்தேன். என் எல்லையில் எட்டுச் சிற்றூர்கள், ஏறத்தாழ ஐயாயிரம் மக்கள்.

புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வேக்சின் கேரியர் வரும். நான்கு ஐஸ் பேக்குகளுக்கு நடுவே புட்டிகள். தட்டம்மை மருந்து மற்றப் பலவற்றைப் போல் நீராக இராது. புட்டியின் அடியில் ஒட்டிய காய்ந்த பொடி. அதற்கென்று கூடவே வரும் டைலுயன்ட் நீரை மட்டுமே ஊற்றிக் கரைக்க வேண்டும், வேறு எதையும் ஊற்றக்கூடாது. கரைத்த நிமிடத்தில் நேரத்தைப் புட்டியின் மேல் எழுத வேண்டும். நான்கு மணி நேரம் கழிந்தால், உள்ளே எத்தனை குழந்தைக்கு மருந்து மிஞ்சியிருந்தாலும் அதைத் தொடக்கூடாது, ஏனெனில் அந்த மருந்தில் கெடாமல் காக்கும் பொருள் எதுவும் சேர்ப்பதில்லை. கரைத்த நீரில் கிருமி வளர்ந்தால் அந்த ஊசியே விஷமாகும். வெயிலும் சூடும் பட்டால் மருந்து வெறும் தண்ணீராகிவிடும். சித்திரை வெயிலில் கேரியரைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, பஸ் வராத ஊருக்குக் கண்மாய்க் கரைமேல் நடந்த நாட்கள் பல. குழந்தையை மடியில் இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, வலது புஜத்தில் தோலைச் சற்று மடித்துத் தூக்கி, அரை மில்லி. பிள்ளைக்கு வலி ஒரு நொடி. தாய்க்கு ஒரு நாள்.

ஏன் ஒன்பதாம் மாதம் என்று தாய்மார்கள் கேட்பார்கள். தாயின் உடலிலிருந்து குழந்தைக்கு வந்த எதிர்ப்புப் பொருள் சில மாதங்கள் இருக்கும். அது இருக்கும்போது ஊசி போட்டால், அந்தப் பொருளே மருந்துக் கிருமியை அழித்துவிடும், ஊசி வீணாகும். மிகவும் தாமதித்தாலோ நோய் முந்திக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே எடுத்த முடிவுதான் ஒன்பது மாதம். ஆனால் அந்த வயதில் போட்டால் நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்குத்தான் பிடிக்கிறது. இதை என் எல்லைக் கணக்கில் ஒருநாள் எழுதிப் பார்த்தேன். ஆண்டுக்கு எண்பது பிறப்பு. மிகவும் கெட்டிக்காரத்தனமாக வேலை பார்த்து எழுபத்தாறு குழந்தைக்கு ஊசி போட்டுவிட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். அவர்களில் காப்புப் பெற்றவர்கள் ஏறத்தாழ அறுபத்தைந்து. மிச்சம் பதினைந்து. அடுத்த ஆண்டு இன்னும் பதினைந்து. ஐந்தாண்டில் எழுபத்தைந்து, ஒரு முழு ஆண்டில் பிறந்த பிள்ளைகள் அனைவரும் ஊசியே போடாமல் இருப்பதற்குச் சமம். என் பதிவேட்டில் எல்லாம் சரியாக இருக்கும்போதே, ஊருக்குள் விறகு அடுக்கிவைத்தாற்போல் இவர்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். 2010இல் தொடங்கி இரண்டாம் தவணையைத் திட்டத்தில் சேர்த்தது இதற்காகத்தான். இரண்டு தவணையும் பெற்றால் காப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. ஒன்றரை வயதில் பிள்ளை நன்றாக ஓடியாடும்போது எதற்கு மறுபடி ஊசி என்று தட்டிக்கழிக்கும் பெற்றோரிடம் இந்தக் கணக்கைத் தரையில் கரிக்கட்டியால் எழுதியே காட்டியிருக்கிறேன்.

இரண்டாம் தவணை வருவதற்கு முந்திய ஆண்டுகளில், அந்த விறகில் தீப்பிடித்ததை ஒரு முறை நேரில் பார்த்தேன். சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் குடும்பங்கள் ஒரு கண்மாய் ஓரத்தில் வந்து தங்கியிருந்தன. ஓரிடத்தில் மூன்று மாதம், அடுத்த இடத்தில் இரண்டு மாதம் என்று நகர்ந்துகொண்டே இருப்பவர்கள். எந்தச் செவிலியரின் பதிவேட்டிலும் அவர்கள் பிள்ளைகளின் பெயர் இல்லை. என் பதிவேட்டிலும் இல்லை. அவர்கள் என் எல்லைக்குள் வந்து முப்பது நாளாகியும் நான் போய்ப் பார்க்கவில்லை என்பதை இப்போதும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. புகைமூட்டத்துக்கு நடுவே ஒரு சாக்குப் படுதாவுக்குள் நாலு வயதுப் பெண் குழந்தை படுத்திருந்தாள். கண்ணைத் திறக்க மறுத்தாள். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தபோது, கன்னத்தின் உட்பக்கத்தில், கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, செந்நிறத் தரையில் உப்புப் பரல் சிந்தியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். ஹென்றி கோப்ளிக் 1896இல் விவரித்த புள்ளிகள் அவை. தடிப்பு வருவதற்குச் சற்று முன்பே தோன்றும், இந்த நோய்க்கே உரிய அடையாளம். புத்தகத்தில் படித்திருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இரண்டு வாரத்தில் அந்தக் குடும்பங்களில் பதினொரு பிள்ளைகள் விழுந்தார்கள். பக்கத்து ஊரில், ஊசி போட்டும் பிடிக்காத மூன்று பிள்ளைகளுக்கும் வந்தது. வைட்டமின் ஏ கொடுத்தோம். மூச்சு இழுத்த இருவரை இரவோடு இரவாக மருத்துவமனைக்கு அனுப்பினோம். யாரும் சாகவில்லை. ஆனால் அதற்குப் பிந்திய மாதங்களில் அதே பிள்ளைகளுக்கு மாறி மாறி வயிற்றுப்போக்கும் சீழ்க் காதும் வந்துகொண்டே இருந்தன. இதன் காரணம் 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தெரியவந்தது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத பிள்ளைகளின் ரத்தத்தை, தட்டம்மை வருவதற்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தார்கள். மற்ற நோய்களுக்கு எதிராக அவர்கள் உடல் அதுவரை சேர்த்துவைத்திருந்த எதிர்ப்புப் பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை அழிந்துபோயிருந்தன. பெட்டகத்தைத் திறந்து இருந்ததை வாரிக்கொண்டு போவதுபோல் இந்த நோய் போகிறது. மணல்வாரி வந்த பிள்ளை ஒரு வருடம் தேறாது என்று எங்கள் பக்கத்தில் சொல்வது உண்டு.

இனி எழுதக் கடினமானதையும் எழுத வேண்டும். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில், தட்டம்மை ஊசி போட்ட சற்று நேரத்தில் நான்கு குழந்தைகள் இறந்தன. செய்தி வந்த மறுநாள் என் அங்கன்வாடி வாசலில் ஒரு தாயும் இல்லை. சில காலத்துக்குக் கிராமங்களில் ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் முன்னிலையில் மட்டுமே போட வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. அந்த நான்கு தாய்மாரையும் நினைத்து நான் தூங்காத இரவுகள் உண்டு. எங்களைத் திட்டியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பயப்படுவதற்கு அவர்களுக்கு உரிமை இருந்தது.

ஆனால் பயம் நீடித்தால் என்ன ஆகும் என்பதைச் சமோவா நாடு காட்டியது. அங்கே 2018இல், தட்டம்மைத் தடுப்பூசிப் பொடியை உரிய நீருக்குப் பதிலாகத் தசை தளர்த்தும் மருந்தில் கரைத்துப் போட்டுவிட்டார்கள். இரண்டு குழந்தைகள் இறந்தன. தடுப்பூசி பல மாதம் நிறுத்தப்பட்டது. மக்கள் நம்பிக்கை அதற்கு முன்பே சரிந்துகொண்டிருந்தது. மறு ஆண்டு தட்டம்மை வந்தது. இரண்டு லட்சம் பேர் வாழும் நாட்டில் 5,700 பேருக்கு மேல் நோய். 83 பேர் சாவு. அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். 2019 டிசம்பரில் அரசு அலுவலகங்களை இரண்டு நாள் மூடிவிட்டு, ஊசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணியைத் தொங்கவிடச் சொன்னார்கள். துணியைப் பார்த்து ஊழியர்கள் உள்ளே போய் ஊசி போட்டார்கள். அந்தப் படங்களைக் கைப்பேசியில் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர் வேப்பிலைதான் நினைவுக்கு வந்தது. எங்கள் கொத்து, நோய் வந்துவிட்டது, உள்ளே வராதீர்கள் என்று சொல்லும். அந்தச் சிவப்புத் துணி, நோய் வருமுன் உள்ளே வாருங்கள் என்று சொல்லியது.

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம் உட்பட ஐந்து இடங்களில் முதலில் தொடங்கிய தட்டம்மை ரூபெல்லா முகாமில் பயம் வேறு வடிவில் வந்தது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை, முன்பு போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு தவணை. ரூபெல்லா பிள்ளைகளுக்கு இலேசாக வந்து போகும். கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றுக் குழந்தையின் கண், காது, இதயம் மூன்றையும் கெடுக்கும் என்பதால் இரண்டையும் ஒரே ஊசியில் சேர்த்திருந்தார்கள். வாட்ஸ்அப்பில் இந்த ஊசி மலடாக்கும், மூளையைப் பாதிக்கும் என்று குரல் பதிவுகள் பரவின. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று 1998இல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் வெளியிட்ட கட்டுரை பொய் என்று தெரிந்து 2010இல் அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஏழு ஆண்டு கழித்து அந்தச் சரக்கு எங்கள் ஊர்த் தாய்மாரின் கைப்பேசியில் தமிழ் பேசிக்கொண்டு வந்தது. என் எல்லைக்கு அருகிலிருந்த ஒரு தனியார் பள்ளியில், முகாம் அன்று காலை, பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் எங்களுக்கு வேண்டாம் என்ற கடிதத்துடன் வந்தார்கள். பள்ளி நிர்வாகம் பெற்றோரைக் கூட்டி எங்களைப் பேசவிட மறுத்தது. அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. மார்ச் வரை முகாமை நீட்டித்ததால், மாலை வேளைகளில் வீடுவீடாகப் போய்ப் பேசினோம். பெரிய வீடுகளில் சில ஆச்சிமார்தான் பேரப்பிள்ளைகளை முதலில் கூட்டிவந்தார்கள். மணல்வாரியைக் கண்ணால் கண்ட தலைமுறை அவர்கள். படித்த இளம் பெற்றோரிடம்தான் அதிகம் பேச வேண்டியிருந்தது. அவர்கள் ஊசியைத்தான் பார்த்திருந்தார்கள், நோயைப் பார்த்ததில்லை.

தடுப்பூசி வருவதற்கு முன் உலகில் ஆண்டுக்கு 26 லட்சம் பேர் தட்டம்மையால் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். 2000இல் அது சுமார் எட்டு லட்சம், 2023இல் 1,07,500. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் மட்டும் தடுப்பூசியால் ஆறு கோடி உயிர்கள் தப்பின என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இந்தியா 2023க்குள் தட்டம்மையை ஒழிப்பதாக வைத்திருந்த இலக்கு 2026க்குத் தள்ளிப்போயிருக்கிறது. கொரோனா காலத்தில் விட்டுப்போன தவணைகளின் விலையை 2022 இறுதியில் மும்பையின் நெருக்கமான குடியிருப்புகளில் பிள்ளைகள் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் இப்போது காய்ச்சலோடு தடிப்பு கண்ட குழந்தை ஒன்று வந்தாலும் ரத்தம் எடுத்துக் கிண்டி கிங் நிலையத்துக்கு அனுப்பிச் சோதிக்கிறார்கள். என் இடத்துக்கு வந்திருக்கும் இளம் செவிலியர் மணல்வாரியை இன்னும் ஒரு முறைகூட நேரில் பார்த்ததில்லை. படத்தைக் காட்டி, வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது எப்படி என்று அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன்.

சென்ற புதன்கிழமை என் தம்பி பேத்திக்கு ஒன்பதாம் மாத ஊசி. அத்தைக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. யாரும் கேட்கவில்லை, அவராகவே குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு அங்கன்வாடித் திண்ணையில் உட்கார்ந்தார். செவிலியர் சிரிஞ்சை எடுத்தபோது, குழந்தையின் வலது கையைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டு கேட்டார்: "ஏத்தா, இத எத்தன மணிக்குக் கலந்தே?" என் வாயால் எத்தனையோ தடவை கேட்டிருப்பதால் அவருக்கு அந்தக் கணக்கு தெரியும். அந்தப் பெண் முகம் சுளிக்காமல் புட்டியைத் திருப்பி, அத்தையின் இடது கண்ணுக்கு அருகே பிடித்தாள். பேனாவால் 10.20 என்று எழுதியிருந்தது. சுவர்க்கடிகாரத்தில் மணி பதினொன்றே கால். அத்தை இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பொத்தியிருந்த கையை விரித்துக் கொடுத்தார்.